கொலையும் கொலையாகாத மரணமும்

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு 302 என்ற எண்ணை விளக்க வேண்டியதில்லை. கடைசிக் காட்சியில் நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இந்தியத் தண்டனைச் சட்டம் 302-வது பிரிவின் கீழ் என்று ஆரம்பித்தாலே, அடுத்து வருவதைக் கொட்டகையில் எல்லாரும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அந்த எண் இப்போது மாறிவிட்டது. 1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், கொலைக்கான தண்டனை 103-வது பிரிவில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், இன்னும் சில காலத்திற்கு நம் ஊர்க் கோர்ட்டில் இரண்டு எண்களும் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

ஆனால் 302-க்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த 304 என்ற எண்ணை நம்மில் பலர் கவனித்ததில்லை. புதிய சட்டத்தில் அது 105. பத்திரிகைகளில் 'கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல்' என்று நீட்டி எழுதுவார்கள். செத்தவர் செத்தவர்தான், அடித்தவன் அடித்தவன்தான், இதில் இரண்டு எண் எதற்கு என்று கேட்கலாம். முதல் எண்ணில் தண்டனை தூக்கு அல்லது ஆயுள் சிறை, அதற்குக் குறைந்து நீதிபதியால் கொடுக்கவே முடியாது. இரண்டாவது எண்ணில் சில ஆண்டுகளில் வீடு திரும்பவும் வழி உண்டு. ஒரு குடும்பத்துக்கு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரம் சாதாரணமானதல்ல.

நான் வழக்கறிஞன் அல்லேன். டிப்ளமா படித்து இரயில்வேயில் தண்டவாளத்தோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரயிலே இல்லாத இந்தத் தீவில் இரயில்வே பென்ஷன் வாங்குகிறவன் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஒரு விபத்து நடந்தால் எங்கள் இலாகா விசாரணையில் கேட்கப்படும் முதல் கேள்வி, "தெரிந்து செய்தானா, அசட்டையால் நடந்ததா?" என்பதுதான். கொலைச் சட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது என்று தெரிந்தபோது அதைப் படிப்பதில் ஆர்வம் ஏற்பட்டது.

நாம் எப்படி வாழ்கிறோம் என்பதும் ஒரு காரணம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கோடையில் குடிதண்ணீருக்குக் குழாயடிச் சண்டை. மீன் வெட்டக் கத்தியும் தேங்காய் வெட்ட அரிவாளும் இல்லாத வீடில்லை. சாயங்காலம் ஆனால் சிலருக்குக் குடி. இவ்வளவும் ஓர் இடத்தில் கூடினால், ஒரு நிமிடக் கோபத்தில் இரண்டு குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடும்.

தரம் என்ற சொல் எங்கிருந்து வந்தது

வெளிநாட்டுத் தொடர்கள் பார்க்கும் நம் பிள்ளைகள் 'ஃபர்ஸ்ட் டிகிரி மர்டர்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது அமெரிக்க வழக்கு. அங்கே கொலைக் குற்றத்தைப் பெரும்பாலும் அந்தந்த மாநிலச் சட்டமே வரையறுக்கிறது. 1794-ல் பென்சில்வேனியா மாநிலம் முதன்முதலாகக் கொலையை இரண்டு தரமாகப் பிரித்தது. விஷம் வைத்தல், மறைந்திருந்து தாக்குதல் போன்று திட்டமிட்டுச் செய்தவையும், கொள்ளை, தீவைப்பு முதலிய குற்றங்களின்போது நடந்தவையும் முதல் தரம். மற்றவை இரண்டாம் தரம். மரண தண்டனை முதல் தரத்துக்கு மட்டும். தூக்கைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவினையின் நோக்கம். பிறகு ஏனைய மாநிலங்கள் பலவும் தத்தம் விருப்பப்படி அதைப் பின்பற்றின. ஆகவே ஒரு மாநிலத்தில் முதல் தரமாக இருப்பது எல்லை தாண்டினால் வேறாக இருக்கக்கூடும்.

நம் நாட்டில் அந்தக் குழப்பம் இல்லை. திருநெல்வேலியிலும் திக்லிப்பூரிலும் கொலைக்கு ஒரே இலக்கணம். மெக்காலே தலைமையிலான குழு 1837-ல் வரைவு தயாரித்து, 1860-ல் சட்டமாகி, 1862 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் சொற்களைத்தான் புதிய சட்டமும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. அதில் 'தரம்' என்ற சொல் கிடையாது. ஆனால் 1976-ல் ஆந்திராவிலிருந்து வந்த புன்னய்யா வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி சர்க்காரியா ஒரு விளக்கம் தந்தார். நடைமுறையில் நம் சட்டமும் மூன்று தரங்களை ஒப்புக்கொள்கிறது என்றார். கொடியது கொலை. அடுத்தது, மரணம் விளைவிக்கும் எண்ணம் இருந்தும் கொலை என்ற அளவுக்கு எட்டாதது. கடைசி, எண்ணம் இல்லாமல் ஆபத்து தெரிந்து மட்டும் செய்தது. பின்னிரண்டும் 304-ன் முதற்பகுதி, இரண்டாம் பகுதி என்று வழங்கின.

பிறர் உயிர் போகும்படி குற்ற மனத்தோடு செய்யும் செயல் அனைத்தும் 'மரணம் விளைவித்தல்' என்ற பெரிய வட்டத்துக்குள் அடங்கும். அதற்குள் இருக்கும் சிறிய வட்டம் கொலை. எல்லா எக்ஸ்பிரசும் இரயில்தான், எல்லா இரயிலும் எக்ஸ்பிரஸ் ஆகாது என்பது போல.

தண்டவாளத்தின் மேல் ஓர் உதாரணம்

எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்கிறேன். லெவல் கிராசிங் கேட்மேன் தூங்கிவிட்டார், கேட் திறந்தே கிடந்தது, இரயில் ஒரு மாட்டு வண்டியில் மோதி இருவர் இறந்தனர். கேட்மேனுக்கு யாரையும் கொல்லும் எண்ணமில்லை. கடமையில் அசட்டை. இது பழைய 304-ஏ, இப்போது 106. முன்பு அதிகபட்சம் 2 ஆண்டு, இப்போது 5 ஆண்டு.

சில பையன்கள் ஓடும் இரயில் மீது பந்தயம் கட்டிக் கருங்கல் வீசுகிறார்கள். ஜன்னலோரம் இருந்தவரின் தலையில் பட்டு அவர் இறக்கிறார். அவர் யாரென்றே பையன்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த வேகத்தில் போகும் இரயிலில் கல் பட்டால் ஆள் சாகக்கூடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று கோர்ட் முடிவு செய்தால், அது 105-ன் பின்பகுதி. பத்தாண்டு வரை போகும்.

மூன்றாவதாக ஒருவன் இரவில் தண்டவாள இணைப்பில் ஃபிஷ் பிளேட்டைக் கழற்றிவிட்டுப் போகிறான். அவனுக்கும் எந்தப் பயணியோடும் பகை இல்லை. ஆனால் அவன் செய்தது, யாரோ சிலர் அநேகமாகச் செத்தே தீரும்படியான காரியம். அது அவனுக்குத் தெரியும். இது கொலை. 1989-ம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 150-வது பிரிவும் இப்படிப்பட்டவனுக்குத் தூக்கு வரை பேசுகிறது. தண்டனைச் சட்டமே தரும் உதாரணம், கூட்டத்தை நோக்கிப் பீரங்கியால் சுடுகிறவன்.

மூவரும் செய்ததால் உயிர்தான் போயிற்று. வேறுபாடு, மனதில் என்ன இருந்தது என்பதிலும், சாவு எவ்வளவு நிச்சயம் என்பதிலும்தான். பாலத்தின் மேல் அதிகப் பளு ஏற்றினால் 'விழக்கூடும்' என்பது ஒன்று, 'விழுந்தே தீரும்' என்பது வேறு. சட்டம் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே கோடு போட்டிருக்கிறது.

நான்கு வாசல்கள்

கொலை என்ற வட்டத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள். கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது ஒன்று. இது எல்லாருக்கும் தெரிந்தது. எதிராளிக்கு இருதய நோய் என்று தெரிந்துகொண்டே, மற்றவனைக் கொல்லாத ஓர் அடியை அவனுக்குக் கொடுப்பது இன்னொன்று. பீரங்கி, ஃபிஷ் பிளேட் வகை நான்காவது.

நம் ஜனங்கள் அகப்பட்டுக்கொள்வது மூன்றாவது வாசலில். கொல்லும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை. ஒரு காயத்தை ஏற்படுத்த நினைத்து ஏற்படுத்தினான், அந்தக் காயம் இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் உண்டாக்கப் போதுமானது என்றால், அதுவே கொலை. 1958-ல் விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் இதைத் தெளிவாக்கினார். பஞ்சாபில் ஒருவன் ஈட்டியால் ஒரே ஒரு குத்துக் குத்தினான். வயிற்றில் பட்டுக் குடல் வெளியே வந்தது, ஆள் மறுநாள் இறந்தார். கொல்லும் எண்ணம் இல்லை என்று வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த இடத்தில் அந்தக் குத்தைக் குத்த நினைத்தானா என்பது மட்டும்தான் கேள்வி. அந்தக் காயம் சாவுக்குப் போதுமானதா என்பது அவன் கருத்தைக் கேட்டு முடிவு செய்யும் விஷயமல்ல, வைத்திய சாட்சியத்தைக் கொண்டு முடிவு செய்வது.

மேலே சொன்ன புன்னய்யா வழக்கிலும் இதே கதைதான். கோஷ்டிப் பகையில் ஒருவரைப் பஸ் நிறுத்தத்தில் வழிமறித்துத் தடித்த கம்புகளால் அடித்தார்கள். தலையில் அடிக்கவில்லை, கை கால்களில்தான். எலும்புகள் நொறுங்கி மறுநாள் காலை அவர் இறந்தார். உயர் நீதிமன்றம் இதை 304-ன் கடைசிப் பகுதிக்கு இறக்கியது. உச்ச நீதிமன்றம் மறுபடி 302-க்கு ஏற்றியது. 'சும்மா காலை உடைத்துவிட்டு வாருங்கள்' என்று ஆள் அனுப்புகிறவர்கள் இந்தத் தீர்ப்பை அறிவது நல்லது.

இதற்கு எதிர்ப்புறத்தில் 1876-ம் ஆண்டுப் பம்பாய்த் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. கோவிந்தா என்ற 18 வயதுக் கணவன், 15 வயது மனைவியை உதைத்துக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி முகத்தில் முஷ்டியால் இரண்டு மூன்று குத்துக் குத்தினான். மூளையில் இரத்தம் கசிந்து அவள் இறந்தாள். நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபட, விஷயம் நீதிபதி மெல்வில்லிடம் போயிற்று. வெறுங்கைக் குத்து சாதாரணமாகச் சாவுக்குப் போதுமானதல்ல, எனவே கொலையல்ல, ஆனால் மரணம் விளைவித்த குற்றம் உண்டு என்றார் அவர். நம் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதைத்தான் முதலில் படிக்கிறார்களாம். அந்தச் சிறுமியின் பெயரைத் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தீவுவாசிகளாகிய நமக்கு இன்னொரு விளக்கம் முக்கியம். கச்சாலிலோ மாயாபந்தரிலோ காயம்பட்டவரைத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப் படகோ ஹெலிகாப்டரோ தாமதமாகி வழியில் உயிர் போனால், 'சீக்கிரம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான், எங்கள் அடியால் சாகவில்லை' என்று சொல்ல முடியாது. தக்க சிகிச்சை கிடைத்திருந்தால் மரணத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றாலும், காயப்படுத்தியவனே மரணம் விளைவித்தவன் என்று சட்டம் எழுதியே வைத்திருக்கிறது.

குடித்திருந்தேன் என்பதும் உதவாது. தானாகக் குடித்தவனுக்கு, தெளிந்திருந்தால் என்ன அறிவு இருந்திருக்குமோ அந்த அறிவு இருந்ததாகவே சட்டம் கொள்ளும். 1956-ல் உச்ச நீதிமன்றம் வரை வந்த பாஸ்தேவ் வழக்கில், ஓய்வு பெற்ற ராணுவ ஜமேதார் ஒருவர் கல்யாண விருந்தில், சற்று நகர்ந்து உட்காரச் சொல்லி நகராத ஒரு பையனைக் குடிவெறியில் சுட்டுக் கொன்றிருந்தார். கொலைதான் என்று முடிந்தது.

வெளியே வரும் வழிகள்

நான்கு வாசலில் ஒன்றின் வழியாக உள்ளே போனவனையும் 105-க்கு வெளியே அனுப்பும் விதிவிலக்குகள் ஐந்து. போலீஸ் போன்ற பொது ஊழியர் நல்லெண்ணத்தோடு அதிகார எல்லையைத் தாண்டியது, 18 வயது நிறைந்தவர் தம் சாவுக்குத் தாமே சம்மதித்தது ஆகிய இரண்டும் அபூர்வம். தற்காப்பில் அளவு மீறியது மூன்றாவது. சரியான தற்காப்பாக இருந்தால் குற்றமே இல்லை, விடுதலைதான். எதிராளி ஓடத் தொடங்கிய பிறகும் துரத்தி வெட்டினால் அது தற்காப்பில் சேராது.

கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல் என்பது பிரசித்தம், நானாவதி வழக்கினால். 1959 ஏப்ரல் 27-ம் தேதி பம்பாயில், கடற்படைக் கமாண்டர் நானாவதியிடம் அவர் மனைவி தம் உறவு பற்றி ஒப்புக்கொண்டார். அவர் குடும்பத்தைச் சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டார், கப்பலுக்குப் போய்க் கைத்துப்பாக்கி வாங்கினார், அந்த மனிதரின் அலுவலகத்துக்குப் போய்த் தேடினார், பிறகு வீட்டுக்குப் போய்ச் சுட்டார். ஜூரிகள் 8-க்கு 1 என்று நிரபராதி என்றார்கள். உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை அளித்தது, 1961-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆத்திரம் உண்மைதான், ஆனால் நடுவில் மனம் ஆறப் பல மணி நேரம் இருந்தது என்பதே காரணம். 1964-ல் ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் மன்னித்து விடுவித்தது வேறு கதை.

இந்தத் 'திடீர்' என்ற சொல் ஆண்களின் கோபத்துக்கு ஏற்றபடி தைத்த சட்டை என்பது என் அபிப்பிராயம். வருஷக்கணக்கில் அடியும் பட்டினியும் பொறுத்து ஒரு நாள் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்துக்கொண்ட தாய்க்கு எது திடீர்? 1989-ல் இத்தகைய வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு 'நல்லதங்காள் மனநிலை' என்றே பெயர் சூட்டி, நீண்ட நாள் தொடர்ந்து வந்த வேதனையையும் ஆத்திரமூட்டலாகக் கொள்ளலாம் என்று வழிகாட்டியது. நம் பாட்டிமார் கண்ணீர் விட்டுக் கேட்ட கதை சட்டத்துக்குள் நுழைந்தது நல்லதுதான்.

குழாயடிக்கு உரியது ஐந்தாவது விதிவிலக்கு, திடீர்ச் சண்டை. முன்திட்டம் இருக்கக்கூடாது, திடீர் வாக்குவாதத்தில் இரத்தக் கொதிப்பில் நடந்திருக்க வேண்டும், கொடூரமாகவோ எதிராளியின் நிராதரவான நிலையைப் பயன்படுத்தியோ செய்திருக்கக்கூடாது. யார் முதலில் கை ஓங்கினார் என்பது இதில் முக்கியமில்லை என்று சட்டமே சொல்கிறது. இரண்டு பேர் குடத்துக்காகச் சண்டையிட்டு, ஒருவர் கையில் கிடைத்த விறகுக்கட்டையால் ஒரு போடு போட்டு மற்றவர் இறந்தால், இந்த விதிவிலக்கு கிடைக்க வாய்ப்பு உண்டு. அவரே வீட்டுக்குள் ஓடி அரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து வெட்டினால், அந்தப் பத்தடி நடையே அவருக்கு எதிரான சாட்சி.

சென்னை மாகாணம் தந்த விசித்திரங்கள்

சட்டப் புத்தகங்களில் நம் பக்கத்து வழக்குகள் நிறைய உண்டு. பழனிக் கவுண்டன் வழக்கு 1919-ல் வந்தது. கலப்பைக் கொழுவால் மனைவியின் தலையில் அடித்தான். அவள் மூர்ச்சையானாள். செத்துவிட்டாள் என்று நம்பி, தற்கொலை போலத் தோன்றக் கயிற்றில் தொங்கவிட்டான். உண்மையில் அவள் இறந்தது கயிற்றால்தான். அடித்தபோது கொல்லும் எண்ணமில்லை, தொங்கவிட்டபோது அவன் கண்ணுக்கு அது பிணம். பிணத்தைக் கொல்ல யாருக்கும் எண்ணம் இருக்க முடியாது. எனவே கொலையும் இல்லை, மரணம் விளைவித்த குற்றமும் இல்லை, கொடுங்காயக் குற்றம் மட்டும் என்றது சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு. 1943-ல் தவமணி வழக்கில், முதலிலேயே கொல்லும் எண்ணத்தோடு தாக்கி, செத்ததாக நினைத்துக் கிணற்றில் தள்ளியது தெரிந்ததால், அதைக் கொலை என்றே அதே நீதிமன்றம் தீர்த்தது. இரண்டு வழக்கையும் பிரிப்பது முதல் அடியின்போது மனதில் இருந்தது மட்டுமே.

1912-ல் தீர்ப்பான ஒரு வழக்கில், ஒருவன் இன்சூரன்ஸ் பணத்துக்காக இன்னொருவனுக்கு விஷ அல்வா கொடுத்திருந்தான். அவன் சிறிது தின்றுவிட்டு ஒதுக்கிவைக்க, ஒரு சிறுமி எடுத்துத் தின்று இறந்தாள். வைத்த குறி வேறு ஆளுக்கு என்றாலும் சிறுமியைக் கொன்றவன் இவனே என்று தீர்ப்பாயிற்று.

எங்கள் இரயில்வேயில் பெரியவர்கள் ஓயாமல் சொல்வது 1952-ம் ஆண்டு ஆளவந்தார் வழக்கு. போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் இருந்தது மானாமதுரையில் தெரியவந்தது. பயங்கரத்தில் இதற்கு ஈடு குறைவு. ஆனாலும் தண்டனை அந்தக் கணவனுக்கு 7 ஆண்டு, மனைவிக்கு 3 ஆண்டு. பிணத்துக்கு நேர்ந்த கோரம் தண்டனையை நிர்ணயிக்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

தண்டனையில் எழுதப்பட்ட தீவு

இப்போது நாம் வாழும் மண்ணுக்கு வருவோம். பழைய 302-ல் இருந்த இரண்டு தண்டனைகள், ஒன்று மரணம், மற்றது 'ஆயுள் நாடுகடத்தல்'. அந்த இரண்டாவது சொல் பெரும்பாலும் குறித்தது இந்தத் தீவுகளைத்தான். 1858-ல் கைதிக் குடியேற்றம் தொடங்கியது, 1906-ல் செல்லுலார் சிறை கட்டி முடிந்தது. இன்று 'லோக்கல்' என்று நாம் அழைக்கும் பழைய குடும்பங்களின் முன்னோர்களில் பலர் அந்த வரியின் கீழ் கப்பலேறியவர்கள். நீதிபதி தூக்கா நாடுகடத்தலா என்று தயங்கிய அந்த நிமிடத்தின் வாரிசுகள் என்று அவர்களைச் சொன்னால் தவறில்லை. அவர்களோடு நம் பிள்ளைகள் இன்று ஒரே பெஞ்சில் படிக்கிறார்கள்.

பழைய சட்டத்தில் 303 என்றும் ஒன்று இருந்தது. ஆயுள் தண்டனையில் இருப்பவன் மறுபடி கொலை செய்தால் தூக்கைத் தவிர வேறு தண்டனை கிடையாது. ஷேர் அலி அப்ரிடி பெஷாவரில் கொலைக் குற்றத்துக்காக 1867-ல் தூக்குத் தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு இங்கே வந்தவர். 1872 பிப்ரவரி 8-ம் தேதி மாலை, ஹோப்டவுன் படகுத்துறையில் வைஸ்ராய் மேயோ பிரபுவைக் கத்தியால் குத்திக் கொன்றார். அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார். அவரைப் போன்ற நிலையில் இருப்பவர்களை மனதில் வைத்தே எழுதியது போன்ற அந்த 303-ஐ, நீதிபதிக்கு யோசிக்கவே இடம் தராத சட்டம் நியாயமல்ல என்று 1983-ல் மித்து வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. புதிய சட்டத்தின் 104-வது பிரிவு, தூக்கு அல்லது இயற்கையான ஆயுள் முடியும்வரை சிறை என்று இரண்டையும் வைத்திருக்கிறது.

நாடுகடத்தல் என்ற சொல் 1955-ம் ஆண்டுத் திருத்தத்தால் 'ஆயுள் சிறை' ஆயிற்று. ஆயுள் என்றால் 14 வருஷம் என்று டீக்கடையில் சொல்வது சரியல்ல. ஆயுள் என்றால் ஆயுள்தான் என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலைக் குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரை 14 ஆண்டு உள்ளே இருப்பதற்கு முன் அரசு தண்டனைக் குறைப்பு தந்து விடுவிக்க முடியாது என்பது மட்டுமே அந்த எண்ணின் பொருள். தூக்கு, அபூர்வத்திலும் அபூர்வமான வழக்குகளுக்கு மட்டும் என்பது 1980-ம் ஆண்டு பச்சன் சிங் தீர்ப்பு. 105-ன் முதற்பகுதியில் ஆயுள் அல்லது 5 முதல் 10 ஆண்டு, பின்பகுதியில் 10 ஆண்டு வரை.

புதிதாகச் சேர்ந்த ஒன்றும் நமக்குத் தெரிய வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி, இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால், ஒவ்வொருவருக்கும் தூக்கு அல்லது ஆயுள் என்று 103-ன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. வேற்று மொழிக்காரர் நடுவே வாழ்கிறவர்களுக்கு இது பாதுகாப்பு. நம் ஆட்கள் கும்பலாகப் புறப்பட்டால் அதே கத்தி நம் பக்கமும் திரும்பும். கும்பலில் கையைப் பிடித்துக்கொண்டவன், 'நான் அடிக்கவில்லை' என்பதும் எடுபடாது. பொது எண்ணத்தோடு கூட நின்றவனும் செய்தவனே.

மனதை எப்படிப் படிக்கிறார்கள்

மனதைப் பிளந்து பார்க்க முடியாது. ஆகவே கோர்ட் சின்னச் சின்ன விஷயங்களிலிருந்து அதைப் படிக்கிறது. 2006-ல் புலிச்சர்ல நாகராஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றை வரிசைப்படுத்தியது. ஆயுதம் என்ன, கொண்டுவந்ததா அங்கே எடுத்ததா, உடலின் எந்தப் பாகம், எவ்வளவு வேகம், எத்தனை அடி, முன்பகை உண்டா, திடீர்ச் சண்டையா என்றெல்லாம். இவை பெரும்பாலும் சாட்சிகளின் வாயிலிருந்து வருகிறவை. பக்கத்து வீட்டு அம்மா, டீக்கடைக்காரர், கூட வேலை செய்கிறவர்.

இங்கேதான் நம் தமிழ் ஒரு சங்கடம் செய்கிறது. "கொன்னுடுவேன்" என்று நம் வீடுகளில் சொல்லாதவர் யார்? கரண்டியோடு நிற்கும் தாய் பிள்ளையிடம் சொல்கிறாள், அண்ணன் தம்பியிடம் சொல்கிறான். சண்டையின் நடுவே அதைச் சொன்னதாக ஒரு சாட்சி சொல்லி, அது இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படும்போது, கொலை செய்யப்போவதாக அறிவித்தார் என்று ஆகிவிடுகிறது. கோர்ட் இதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, ஆனால் தராசில் இதுவும் விழும். சாட்சி சொல்லப் போகிறவர்கள் நடந்ததை நடந்தபடி, பேசிய சொல்லைப் பேசிய தொனியோடு, எங்கிருந்து ஆயுதம் வந்தது என்பதையும் சேர்த்துத் தமிழிலேயே சொல்லி, மொழிபெயர்க்கச் சொல்வதே மேல். பஜாரில் மீன் வாங்கப் போதுமான இந்தி கோர்ட்டுக்குப் போதாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் நடந்தால், அதை அவருக்குப் புரியும் மொழியில் திறந்த கோர்ட்டிலேயே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அது சலுகையல்ல, கேட்டுப் பெறலாம்.

முதல் தகவல் அறிக்கையில் 103 என்று போட்டதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டை விற்கக் கிளம்ப வேண்டாம். குற்றச்சாட்டு வனையும்போதும், செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பின்போதும், கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் இங்குள்ள சர்க்யூட் அமர்வில் அப்பீலின்போதும் எண் மாறலாம். அதுபோலவே, அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை கொலை முயற்சியாக இருந்தது, அவர் இறந்த அன்று கொலையாகிவிடும். இரண்டு குடும்பமும் சங்கத்துப் பெரியவர்கள் முன்னிலையில் ராஜியாகிவிட்டால் வழக்கு போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். 103-ம் சரி, 105-ம் சரி, சமரசம் செய்துகொள்ளக் கூடிய குற்றங்கள் அல்ல. பெரியவர்கள் செய்யக்கூடியது, இழந்த குடும்பத்துக்கு ஆதரவாக நிற்பதும், மேற்கொண்டு பழிவாங்கல் நடக்காமல் பார்த்துக்கொள்வதும்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும், காவலில் இருக்கும் எவரும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் பெற உரிமை உள்ளவர்கள். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே விண்ணப்பத்தை அனுப்பலாம்.